போனோ ப்ரீஆம்ப் வாங்கும் முன்: வேலூர் வெயிலுக்கும் கரண்டுக்கும் நம் பழைய இசைத்தட்டுகளுக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

"அண்ணே, டர்ன்டேபிள் வாங்கிட்டேன். ஆம்ப்ல மாட்டினா கொசு கத்துற மாதிரிதான் சத்தம் வருது. ஸ்பீக்கர் போயிடுச்சா?"

சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு தம்பி ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து கேட்டார். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. இசைத்தட்டை ஓட்டும் டர்ன்டேபிளின் ஒயரை ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் உள்ளீட்டில் நேராகச் சொருகியிருந்தார். நடுவில் இருக்க வேண்டிய ஒரு சின்னப் பெட்டி இல்லை. ஊசி வழியே வரும் மெல்லிய மின்சாரத்தை ஆம்புக்கு ஏற்றபடி பெருக்கிக் கொடுக்கும் அதுதான் போனோ ப்ரீஆம்ப். "அப்போ எதை வாங்கணும்ண்ணே?" என்று மறுநாள் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் புதுத் தட்டு வாங்கிக் கேட்பவர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் வீட்டு நிலவரம் வேறு. கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஓடித் தேய்ந்த 45 ஆர்பிஎம் தட்டுகள், இடது வலது என்று பிரியாத அறுபதுகளின் மோனோ பாட்டுகள், மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயில், ஏறி இறங்கும் கரண்ட். இவற்றோடு எது ஒத்துப்போகும் என்று பார்த்துத்தான் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையும் பிராண்டும் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: உங்களுக்கு இது தேவைதானா?

வாங்கும் முன் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள்.

டர்ன்டேபிளின் பின்பக்கம் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. ஆடியோ டெக்னிகாவின் எல்பி60எக்ஸ், எல்பி120எக்ஸ் போன்றவை இந்த வகை. லைனில் வைத்து ஆக்ஸில் சொருகினால் பாட்டு வந்துவிடும்.

ஆம்பின் பின்பக்கம் போனோ என்று எழுதிய உள்ளீடும், பக்கத்தில் எர்த் ஒயர் மாட்ட ஒரு திருகும் இருக்கிறதா? எழுபது, எண்பதுகளின் ஸ்டீரியோ ஆம்புகள் பலவற்றில் இருக்கும். அப்பா காலத்து ஆம்ப் பரணில் கிடந்தால் முதலில் அதை இறக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னத் துண்டு. பழைய பெட்டி வடிவ ரெக்கார்டு பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். அது பல நூறு மில்லிவோல்ட் கொடுக்கும். அதற்கு போனோ ப்ரீஆம்ப் வேண்டாம், போட்டால் கெடுதல். இந்த வழிகாட்டி காந்தக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. டர்ன்டேபிளில் லைனில் வைத்துவிட்டு ஆம்பின் போனோவிலும் சொருகாதீர்கள். இரண்டு முறை பெருக்கி, இரண்டு முறை திருத்தினால் பாஸ் மட்டும் குமுறும், மற்றதெல்லாம் உடைந்து கேட்கும்.

உள்ளே இருப்பதே போதுமா, தனிப்பெட்டி வேண்டுமா? போதும் என்று தோன்றினால் அதிலேயே ஆறு மாதம் கேளுங்கள். கீழே சொல்லும் குறைகள் காதில் விழத் தொடங்கிய பிறகு வாங்கினால், எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவீர்கள்.

இரண்டாம் படி: அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது

இதைப் புரிந்துகொள்ளாமல் விவரப் பட்டியலைப் படித்தால் எல்லாம் எண்ணாகவே தெரியும்.

எம்எம் எனப்படும் காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட். ஆம்பின் ஆக்ஸ் எதிர்பார்ப்பது சில நூறு மில்லிவோல்ட். ஆகவே ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்க வேண்டும். இதைத்தான் 40 டெசிபல் கெயின் என்கிறார்கள்.

பெருக்கினால் மட்டும் போதாது. தட்டு வெட்டும்போது பாஸை வேண்டுமென்றே குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். பாஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் பாட்டு கொள்ளாது. கீச்சைக் கூட்டி வெட்டினால், திரும்பக் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு இருந்தது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ கொண்டுவந்த வளைவுதான் அதைப் பொதுவாக்கியது. ப்ரீஆம்ப் அந்த வளைவைத் தலைகீழாகப் போடுகிறது. 1000 ஹெர்ட்ஸை அளவுகோலாக வைத்தால், 20 ஹெர்ட்ஸை 19 டெசிபலுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கூட்டும், 20,000 ஹெர்ட்ஸை அதே அளவுக்குக் குறைக்கும்.

இதில் நமக்கு ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வளைவு சுமார் 17 டெசிபல் கூட்டுகிறது. பாட்டை நூறு மடங்கு பெருக்கும் பெட்டி, கரண்டின் ஹம்மை, அந்த 'உம்ம்' இரைச்சலை, எழுநூறு மடங்கு பெருக்கும். சிடி பிளேயரில் வராத ஹம் டர்ன்டேபிளில் மட்டும் வருவது இதனால்தான். ஆறாம் படியில் இதற்கு வருகிறேன்.

மூன்றாவது வேலை, கார்ட்ரிட்ஜுக்குச் சரியான சுமை, அதாவது மின்தடை, கொடுப்பது. எம்எம்முக்கு 47 கிலோஓம். இது எல்லாப் பெட்டியிலும் சரியாகவே இருக்கும். அதோடு சேர்ந்து வரும் கெப்பாசிட்டன்ஸில், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையில்தான், விஷயம் இருக்கிறது.

மூன்றாம் படி: கார்ட்ரிட்ஜின் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

கார்ட்ரிட்ஜ் பெயரைப் பார்த்து அதன் விவரத்தாளைத் தேடுங்கள். மூன்று எண் போதும்: எத்தனை மில்லிவோல்ட், என்ன சுமை, கெப்பாசிட்டன்ஸ் எத்தனை பைக்கோஃபாரட்.

ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 4 மில்லிவோல்ட், 47 கிலோஓம், 100 முதல் 200 பைக்கோஃபாரட். ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 5.5 மில்லிவோல்ட், 150 முதல் 300. இரண்டுக்கும் 40 டெசிபல் சரியாக இருக்கும். 4 மில்லிவோல்ட் 400 ஆகும், 5.5 மில்லிவோல்ட் 550 ஆகும். சிடி பிளேயரைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். கெயின் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்து 50 டெசிபலுக்குப் போகாதீர்கள். ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

எம்சி, அதாவது காந்தத்துக்குப் பதில் சுருள் அசையும் வகை, வேறு கதை. டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதற்கு ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல் வேண்டும், சுமை 100 ஓம் அளவில். 1:10 ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு எம்எம் பெட்டியிலேயே கேட்கிறவர்களும் உண்டு. 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிவிடும், கார்ட்ரிட்ஜுக்குத் தெரியும் சுமை 470 ஓம் ஆகிவிடும். ஆனால் முதல் பெட்டி வாங்குகிறவருக்கு நான் எம்சியைச் சொல்ல மாட்டேன். ஊசி தேய்ந்தால் எம்எம்மில் ஊசியை மட்டும் மாற்றலாம். எம்சியில் பெரும்பாலும் முழுக் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டியிருக்கும். தேய்ந்த தட்டுகளை ஓட்டுகிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான்காம் படி: கெப்பாசிட்டன்ஸ் கணக்கு

பலர் தாண்டிப் போகும் இடம் இது. செலவில்லாமல் ஒலி மாறும் இடமும் இதுதான்.

எம்எம் கார்ட்ரிட்ஜின் உள்ளே ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி இருக்கிறது. அந்தச் சுருளும் ஒயரில் இருக்கும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிவிடும், அதற்கு மேலே சட்டென்று சரித்துவிடும். விஎம்95இ-யின் சுருள் 550 மில்லிஹென்றி. மொத்தம் 200 பைக்கோஃபாரட் இருந்தால் அந்தத் தூக்கல் சுமார் 15,000 ஹெர்ட்ஸில் விழும். அங்கே பாட்டில் அதிகம் இல்லை, தொந்தரவும் இல்லை. அதுவே 370 ஆகிவிட்டால் சுமார் 11,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கேதான் ஜால்ராவும், ஜதி சொல்லும்போது வரும் 'த', 'கி'யும், பாடகியின் 'ஸ', 'ச'வும் கூர்மையாக நிற்கின்றன.

வாணி ஜெயராம் நம் வேலூரில் 1945-ல் பிறந்தவர். அவர் குரலில் ஒரு தட்டு இருந்தால் இதைச் சோதித்துப் பாருங்கள். உச்சஸ்தாயியில் அவர் 'ச' சொல்லும்போது குரல் குரலாகவே நின்றால் சரி. எச்சில் தெறிப்பது போல 'ட்ஸ்' என்று கேட்டால், ஊசியைச் சந்தேகப்படும் முன் கெப்பாசிட்டன்ஸைச் சந்தேகப்படுங்கள்.

கூட்ட வேண்டியது மூன்று எண்கள்: ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்முக்குள் ஓடும் ஒயர், டர்ன்டேபிளிலிருந்து ப்ரீஆம்புக்கு வரும் ஆர்சிஏ கேபிள், ப்ரீஆம்பின் உள்ளீடு. சாதாரணக் கேபிள் ஒரு மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் அளவில் இருக்கும், மலிவானது இன்னும் கூடும். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே அளக்கலாம். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றிவிட்டு, கேபிளை ப்ரீஆம்பிலிருந்து உருவி, ஆர்சிஏ முனையின் நடுக்குச்சியில் ஒரு புரோபையும் வெளி வளையத்தில் இன்னொன்றையும் வையுங்கள். ஆர்ம் ஒயரும் கேபிளும் சேர்ந்து எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். கையால் பிடித்தால் எண் ஆடும், மேசையில் படுக்க வைத்து அளங்கள். என் வீட்டில் 148 வந்தது. பெட்டியின் உள்ளீடு 220. மொத்தம் 368. என் கார்ட்ரிட்ஜ் கேட்டது 200-க்குள். அதுவரை காது கூசுகிறது என்று நான் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். கேபிளைப் பாதியாகக் குறைத்து, உள்ளீடு 100 இருக்கும் பெட்டிக்கு மாறியதும் அந்தக் கூச்சம் போய்விட்டது.

ஆகவே உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸை விவரத்தில் எழுதாத பெட்டியை வாங்காதீர்கள். மாற்றிக்கொள்ள சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. கூட்டுவது எளிது, இருப்பதைக் குறைப்பதுதான் கஷ்டம். அதனால் குறைவாக உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் தட்டுகளைப் பாருங்கள்

குடியாத்தம் பக்கம் ஒரு காலத்தில் மைக்செட் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் தட்டு வாங்கப் போயிருந்தேன். பச்சைத் தகரப் பெட்டி நிறைய ஈபி எனப்படும் சின்னத் தட்டுகள். ஒன்றை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்பாக மின்ன வேண்டிய பள்ளங்கள் சாம்பல் பூத்து இருந்தன. முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். "தம்பி, ஒரு கல்யாணத்துக்கு இதே பாட்ட முப்பது வாட்டி போடுவோம். ஊசி எங்க மாத்துறது? மேல ஒரு எட்டணாவ வச்சு ஓட்டுவோம்." அன்று அவரிடம் நாற்பது தட்டு வாங்கி வந்தேன். அந்த நாற்பதுதான் எனக்கு ப்ரீஆம்பைப் பற்றி அதிகம் சொல்லிக்கொடுத்தன.

இப்படிப்பட்ட தட்டில் பாட்டோடு கீறலும் வெடிப்பும் வரும். ஒரு வெடிப்பு பாட்டைவிடப் பல மடங்கு பெரிய துடிப்பு. அதைத் தாங்கும் இடம் ப்ரீஆம்பில் இருந்தால் 'டிக்' என்று வந்து போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி திணறி, மீண்டு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். 'டிக்' என்பது 'டப்ப்' என்று நீளும். ஒரே தட்டு ஒரு பெட்டியில் கேட்கும்படியாகவும் இன்னொன்றில் தாங்க முடியாமலும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விவரத்தாளில் இதன் பெயர் இன்புட் ஓவர்லோட். 1000 ஹெர்ட்ஸில் எத்தனை மில்லிவோல்ட் வரை தாங்கும் என்று இருக்கும். 4 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜுக்குக் குறைந்தது 40 வேண்டும், 80-க்கு மேல் இருந்தால் நிம்மதி. எழுதவில்லையா? பவர் சப்ளையைப் பாருங்கள். 5 வோல்ட் யுஎஸ்பியில் ஓடும் பெட்டி, உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லாவிட்டால், 1.7 வோல்ட்டுக்கு மேல் வெளியே கொடுக்கவே முடியாது. நூறு மடங்கு கெயினில் அது 17 மில்லிவோல்ட்டிலேயே முட்டிவிடும். பிளஸ் மைனஸ் 15 வோல்ட்டில் ஓடும் பெட்டி ஏறக்குறைய 90 வரை தாங்கும். கெயினை 50 டெசிபலுக்கு ஏற்றினால் இந்த 90, 30-க்குள் வந்துவிடும். கெயினுக்கு ஆசைப்படாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சோதிக்க நாதஸ்வரத் தட்டு போல வேறில்லை. காருக்குறிச்சி அருணாசலத்தின் வாசிப்பு ஒன்று கிடைத்தால், தட்டின் கடைசிப் பகுதியில், லேபிளுக்குப் பக்கத்தில், உச்சத்தில் ஊதும் இடத்தைக் கேளுங்கள். நாதம் கூர்மையாக, ஆனால் முழுசாக வரவேண்டும். ஓரம் கிழிந்து கேட்டால் ஊசி, அதன் அமைப்பு, ப்ரீஆம்ப் மூன்றில் ஒன்று காரணம். அதே தட்டை, அதே ஊசியோடு, இன்னொரு பெட்டியில் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது மோனோ. அறுபதுகளின் டி.எம்.எஸ்., சுசீலா பாட்டுகள் நம்மிடம் இருக்கும் தட்டுகளில் பெரும்பாலும் மோனோதான். மோனோ தட்டில் பாட்டு பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கும். மேலும் கீழும் வரும் அசைவில் பாட்டே இல்லை, தூசியும் தேய்மானமும்தான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் எடுத்துக் கொடுக்கும். இடது வலது இரண்டையும் கூட்டினால் மேல் கீழ் அசைவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மோனோ பட்டனை அழுத்திய அந்த நொடி, அறை முழுக்கப் பரவியிருந்த கரகரப்பு சுருங்கி, குரல் நடுவில் வந்து நிற்கும். பழைய தமிழ்ப் பாட்டு கேட்கிறவருக்கு, விலையை இரட்டிப்பாக்கிக் கிடைக்கும் பலனைவிட இந்த ஒரு பட்டனின் பலன் பெரிது என்பது என் தீர்மானமான கருத்து.

மலிவான ப்ரீஆம்புகளில் மோனோ பட்டன் அரிது. ஆம்பில் இருந்தால் போதும். இரண்டிலும் இல்லாவிட்டால் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி செய்துகொள்ளலாம். ஆனால் ப்ரீஆம்பின் இரண்டு அவுட்புட்டையும் ஒய் கேபிளால் நேரடியாகச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் சேர்க்க வேண்டும், 1 கிலோஓம் அளவில் போடலாம்.

மூன்றாவது, வளைந்த தட்டு. நம் ஊர் வெயிலில் பீரோவின் மேல் அடுக்கில் ஒரு கோடைக்காலம் வைத்திருந்தால் போதும், எல்பி எனப்படும் பெரிய தட்டு அப்பளம் போல நெளிந்துவிடும். 33⅓ ஆர்பிஎம்மில் ஒரு நெளிவு நொடிக்கு 0.55 முறை ஊசியைத் தூக்கி இறக்கும். காதுக்குக் கேட்காது. ஆனால் வூஃபர் உள்ளேயும் வெளியேயும் மூச்சு வாங்குவது கண்ணுக்கே தெரியும். ஆம்பின் சக்தி அதில் வீணாகும், பாட்டின் பாஸ் கலங்கும். சப்சானிக் ஃபில்டர் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் இது அடங்கும். வட ஆற்காட்டில் தட்டு சேர்க்கிறவர் யாராக இருந்தாலும் இந்த சுவிட்ச் உள்ள பெட்டியையே பாருங்கள் என்பேன்.

78 ஆர்பிஎம் தட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. எம்.எஸ்., ஜி.என்.பி. காலத்து அரக்குத் தட்டுகள் பலவும் ஆர்ஐஏஏவுக்கு முந்தியவை. சாதாரண போனோ பெட்டியில் போட்டால் மந்தமாகக் கேட்கும். அவற்றின் பாஸ் திருப்பம், அதாவது பாஸைக் குறைக்கத் தொடங்கும் இடம், கம்பெனிக்கேற்ப 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மாறும். வளைவை மாற்றும் வசதியுள்ள தனிப்பெட்டியும், சுமார் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அகல ஊசியும் வேண்டும். எல்பி ஊசியை வைத்து ஓட்டாதீர்கள், பள்ளத்தின் அடியில் உள்ள தூசியைத்தான் அது வாசிக்கும்.

ஆறாம் படி: உங்கள் வீட்டுக் கரண்டு

இரண்டாம் படியில் சொன்ன எழுநூறு மடங்கை நினைவில் வையுங்கள். பெட்டி எவ்வளவு நல்லதானாலும் வீட்டு ஒயரிங் சரியில்லாவிட்டால் ஹம் வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, எர்த் திருகு. அது இல்லாத பெட்டி வேண்டாம். இன்னொன்று, பவர் அடாப்டர். இரண்டு குச்சி ஸ்விட்சிங் அடாப்டர்களில் கொஞ்சம் மின்கசிவு இருக்கும். பெட்டியின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு தெரியும், தொட்ட நேரம் மட்டும் 'பர்ர்' சத்தம் மாறும். பெட்டியின் எர்த் திருகிலிருந்து ஆம்பின் எர்த் திருகுக்கு ஒரு ஒயர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். டர்ன்டேபிளின் எர்த் ஒயரைச் சுவரில் உள்ள மூன்றாம் ஓட்டையில் மட்டும் சொருகாதீர்கள். அது போக வேண்டிய இடம் ப்ரீஆம்பின் திருகு.

ஃபேன் ரெகுலேட்டரையும் பாருங்கள். நிலை நிலையாக நிற்காமல் தொடர்ந்து சுழலும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டின் அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அது ஸ்பீக்கரில் 'ஜ்ஜ்ஜ்' என்று கேட்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், சத்தம் குறைந்தால் குற்றவாளி அதுதான். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொந்தரவு இருக்காது.

வெயிலுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடிக் குழாய் போட்ட வால்வு ப்ரீஆம்ப் ஆசையைத் தூண்டும், அதன் ஒலியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது சூட்டைக் கக்கும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், மூடிய ஷோகேஸில் வைக்க அது தோதான பொருள் அல்ல. சாதாரணப் பெட்டியையும் ஆம்பின் தலைமேல் வைக்காதீர்கள். சூடும் ஏறும், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஹம்மும் ஏறும்.

ஏழாம் படி: எதை வாங்குவது?

இப்போது உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: 40 டெசிபல் அளவில் கெயின், குறைந்த அல்லது மாற்றத்தக்க கெப்பாசிட்டன்ஸ், தாராளமான ஓவர்லோட், சப்சானிக் ஃபில்டர், எர்த் திருகு. இதை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் யாரும் உங்களைத் திசைதிருப்ப முடியாது.

விலை குறைந்தவற்றில் ஏஆர்டி நிறுவனத்தின் டிஜே ப்ரீ 2 எனக்குப் பிடித்தது. எம்எம் மட்டும்தான். ஆனால் 100, 200 பைக்கோஃபாரட் சுவிட்ச், லோ கட் ஃபில்டர் (சப்சானிக் ஃபில்டரின் வேலையைச் செய்வது), கெயின் குமிழ் மூன்றும் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது. நம் தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ரேகா ஃபோனோ எம்எம் எளிமையானது, கெயினும் சுமையும் நிலையானவை, மாற்ற எதுவும் இல்லை. அதன் எண்கள் உங்கள் கார்ட்ரிட்ஜோடு பொருந்தினால் யோசிக்காமல் வாங்கலாம். எம்சிக்கும் போகும் எண்ணம் இருந்தால் கேம்பிரிட்ஜ் ஆடியோ ஆல்வா டுவோ, ஐஃபை ஜென் ஃபோனோ, ஷிட் மானி 2 ஆகியவற்றைப் பாருங்கள். ஐஃபையில் 36 முதல் 72 டெசிபல் வரை நான்கு நிலைகளும் சப்சானிக் பட்டனும் உண்டு. மானியில் கெயினையும் சுமையையும் கெப்பாசிட்டன்ஸையும் அடியில் உள்ள சுவிட்சுகளில் மாற்றலாம்.

சால்டரிங் தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம். 1979-ல் வந்த என்இ5532 என்ற ஐசி இன்றும் எம்எம் ப்ரீஆம்புக்குப் போதுமான அளவு அமைதியானது. எம்எம் சுற்றில் பெரும்பகுதி இரைச்சல் கார்ட்ரிட்ஜும் அதன் சுமையும் சேர்ந்தே வருகிறது, அதனால் ஐசிக்குப் பத்து மடங்கு விலை கொடுத்துப் பயனில்லை. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆர்ஐஏஏ வளைவைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர்களை 1 சதவீதத் துல்லியத்தில் வாங்குங்கள். கெப்பாசிட்டர்களைக் கொஞ்சம் அதிகமாக வாங்கி வந்து, மீட்டரில் அளந்து, இடது வலதுக்குப் பொருந்தும் ஜோடியாகப் பொறுக்குங்கள்.

எவ்வளவு செலவு செய்வது? கார்ட்ரிட்ஜின் விலையைத் தாண்ட வேண்டாம் என்று தொடங்குகிறவர்களுக்குச் சொல்வேன். மிச்சமிருந்தால் ஒரு நல்ல ஊசியும், தட்டு கழுவ ஏற்பாடும் செய்யுங்கள். கழுவாத தட்டுக்கு எந்தப் பெட்டியும் உதவாது.

எட்டாம் படி: பெட்டி வந்ததும் வீட்டில் செய்ய வேண்டிய சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் இதை முடித்துவிடுங்கள். ராத்திரி, தெரு அடங்கிய நேரம் நல்லது.

முதலில் ஆம்பை மட்டும் போட்டு, வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் வைத்து, ஸ்பீக்கர் பக்கத்தில் காது வையுங்கள். அங்கேயே ஹம் இருந்தால் அது ஆம்பின் குற்றம். அடுத்து டர்ன்டேபிளை இணைக்காமல் ப்ரீஆம்பை மட்டும் இணையுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' இருக்கலாம், நீங்கள் உட்காரும் இடத்துக்கு அது வரக்கூடாது. பிறகு டர்ன்டேபிளை எர்த் ஒயரோடு இணையுங்கள். மோட்டார் ஓட வேண்டாம். கடைசியாக மோட்டாரை ஓட்டி, ஊசியை இறக்காமல், ஆர்மைக் கையால் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக நகர்த்துங்கள். நடுவுக்குப் போகப் போக ஹம் கூடினால், கார்ட்ரிட்ஜ் மோட்டாரின் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. எந்த ப்ரீஆம்பும் அதைத் தீர்க்காது, பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

எனக்கு ஒருமுறை மூன்றாம் கட்டத்தில் ஹம் வந்தது. ஆர்மைத் தொட்டால் குறையும், விட்டால் கூடும். இரண்டு ராத்திரி பெட்டியைக் குறை சொன்னேன். மூன்றாம் ராத்திரி எர்த் ஒயரின் முனையைக் கழற்றிப் பார்த்தால், கவ்வியிருந்த தகட்டுக்குள் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. அரை அங்குலம் வெட்டி, உள்ளே இருந்த நல்ல கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, புதுத் தகடு போட்டு முறுக்கினேன். ஹம் போயே போய்விட்டது.

அமைதி கிடைத்ததும் நான்கு தட்டு போடுங்கள். நன்றாகத் தெரிந்த பெண் குரல் ஒன்று, 'ச'வுக்காக. நாதஸ்வரம் ஒன்று, ஓவர்லோடுக்காக. நெளிந்த எல்பி ஒன்று, ஃபில்டரைப் போட்டும் எடுத்தும் வூஃபரைப் பார்க்க. கடைசியாக இருப்பதிலேயே மோசமான மோனோ ஈபி. அதில் மோனோ பட்டனை அழுத்தி, ஒரு பக்கம் முழுவதையும் எழுந்திருக்காமல் கேட்க முடிந்தால், அட்டைப்பெட்டியைப் பரணில் ஏற்றிவிடலாம்.